விதைப் பொட்டலமா, அருகங்கொடியா? மதுரைப் பக்கத்து மைதானங்களுக்கு ஒரு புல் கணக்கு

போன பங்குனியில் திருமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னாள் மாணவர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மைதானத்துக்குப் புல் போடுவது என்று முடிவாகி, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்துவிட்டது. எந்தப் புல் என்பதுதான் பாக்கி. தம்பி ஒருவன் செல்போனை என் முன்னால் நீட்டினான். "அண்ணே, இந்தப் பாக்கெட்டைப் பாருங்க. ஸ்போர்ட்ஸ் மிக்ஸ்னு போட்டிருக்கு. மூணு வகைப் புல்லு கலந்து வருதாம். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும்லண்ணே?"

கேட்டதில் தப்பில்லை. சோளத்துக்கு ஊடே பயறு போட்டுப் பழகிய ஊர்க்காரன் அப்படித்தான் யோசிப்பான். எனக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் சோழவந்தான் பக்கம் ஒரு கால்பந்து மைதானத்துக்காக இதே மாதிரி பொட்டலத்தை இணையத்தில் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கார்த்திகையில் தூவினோம். ஆறாவது நாளே முளை காட்டியது. மார்கழி விடியலில் அந்தப் பச்சையின் மேல் பனி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஊர்ப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தார். பொங்கலுக்கு அதன் மேலேயே போட்டி நடத்தினோம். மாசி பாதியில் நுனி கருகியது. தண்ணீர் பற்றவில்லை போல என்று இன்னும் ஊற்றினோம், அழுகலும் சேர்ந்துகொண்டது. பங்குனி உத்திரத்துக்குள் மைதானம் தேங்காய் நார் காயப்போட்ட களம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: எழுபது பங்கு ரை புல், இருபது பங்கு கென்டக்கி புளூகிராஸ், பத்துப் பங்கு ஃபெஸ்க்யூ.

மூன்றுமே நல்ல புற்கள்தான், பிறந்த ஊரில் இருக்கும்வரை. 15 முதல் 24 டிகிரி வரையிலான வெயிலில் செழிக்கிற குளிர்நாட்டுப் பயிர்கள் அவை. மதுரையில் சித்திரை, வைகாசிப் பகல் 38, 40 என்று ஏறும். பகலைக் கூட ஓரளவு சமாளிக்கும்; ராத்திரியும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில்தான் அவை செத்துப்போகின்றன. பகலில் சேர்த்த மாவுச்சத்தையெல்லாம் இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். வேர் சுருங்கும். அந்த நேரத்தில் தண்ணீரை அதிகமாக்கினால் பூஞ்சைக்குத்தான் விருந்து. இதே பொட்டலத்தை மலையேறிக் கொடைக்கானலில் தூவியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.

மூன்று புல் எதற்கு?

அந்த நாடுகளில் ஏன் கலக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்கு ஏன் கலவை வேண்டாம் என்பது தானாகவே விளங்கும். ரை புல் ஒரு வாரத்தில் முளைக்கும், மிதி தாங்கும். ஆனால் குத்துக் குத்தாகவே நிற்கும், பக்கத்தில் படராது. ஒரு இடம் பெயர்ந்தால் அந்த ஓட்டை ஓட்டைதான். கென்டக்கி புளூகிராஸ் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டு ஓட்டையை மூடிவிடும். ஒன்றின் வேகம், மற்றதன் ஒட்டுப்போடும் குணம். இரண்டும் ஒரே புல்லில் கிடைக்காததால் கலக்கிறார்கள்.

நம் அருகம்புல் தரைக்கு மேலே கொடி ஓட்டும், தரைக்குக் கீழேயும் தண்டு ஓட்டும். மிதிபட்டு மேலே இருப்பதெல்லாம் போனாலும் கீழே இருப்பது பத்து நாளில் எட்டிப் பார்க்கும். 27 முதல் 35 டிகிரி வரை அதற்கு உற்சாகம். இத்தனையும் ஒரே புல்லில் இருக்கும்போது கூட எதைக் கலப்பது? கலந்தாலும் ஒரு வருடத்தில் அருகு மற்றதை விழுங்கிவிடும், அல்லது இரண்டு பச்சையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பந்து ஒரு திட்டில் ஓடும், அடுத்த திட்டில் நிற்கும்.

டெல்லியிலும் சண்டிகரிலும் குளிர்காலத்தில் அருகின் மேல் ரை புல்லைத் தூவுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே அது சரி. மண் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் அருகு பழுப்பாகி உறங்கிவிடும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பச்சை வேண்டுமே. மதுரையில் மார்கழி விடியலில் சால்வை போர்த்திக்கொண்டு திருப்பாவை கேட்கப் போகிறோம், உண்மைதான். ஆனால் மண்ணுக்கு அது குளிரே இல்லை. இங்கே அருகு குளிரால் உறங்குவதில்லை. உறங்கினால் அது தண்ணீர் இல்லாத கோடையில்தான்.

ஆகவே அந்தத் தம்பியிடம் நான் சொன்னது: கலவையைப் பொட்டலத்தில் தேடாதே. மைதானத்தின் எந்த இடத்துக்கு எது என்று பார். கோல் வாசலுக்கும் நடு வட்டத்துக்கும் வேப்பமர நிழலுக்கும் ஒரே பதில் கிடையாது.

அருகும் அக்கம்பக்கமும்: நான்கு வழி

பெர்முடா என்று கடையில் சொல்வதும் பிள்ளையாருக்குச் சாத்துவதும் ஒரே புல்தான் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் காவலாளி ஐயா நம்பினார்; நம்பியதோடு சிரிக்கவும் செய்தார். "ஏன் சார், இதப் புடுங்கத்தான் எங்க வயல்ல ஆள் விட்டுக் கூலி குடுக்குறோம். இதுக்கு நீங்க காசு குடுத்து வாங்கப் போறீகளா?" கல்யாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துகிற அதே வாய், வயலில் அதைச் சனியன் என்று திட்டும். மைதானத்துக்கு நமக்கு வேண்டியது அந்தச் சனியனின் பிடிவாதம்தான்.

முதல் வழி, நாட்டு அருகின் கொடித்துண்டு. நாற்று நடுகிற மாதிரியே வேலை. கணு இரண்டு மூன்று இருக்கும்படி நறுக்கி, கயிறு பிடித்து, அரையடிக்கு ஒன்றாகக் குத்த வேண்டும். அப்படிக் குத்தினால் ஒரு சதுர மீட்டருக்கு 44 குழி. கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர், ஓரங்களையும் சேர்த்தால் 8,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். அப்படியானால் மூன்றரை லட்சம் குழி. காகிதத்தில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மேலூர் பக்கம் நடவுக்குப் போய்ப் பழகிய பெண்கள் வரிசையாகக் குனிந்தால் கணக்கு வேறு மாதிரி ஓடும். நான் பார்த்த ஒரு குழு, விரலால் குழி, துண்டு, மிதி என்று பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தது, ஒரு துண்டு கூடத் தலைகீழாக இல்லை. நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் பழைய முறை ஒன்று இருக்கிறது: கொடியைப் பொடியாக நறுக்கி, சாணியும் மண்ணும் கொஞ்சம் சாம்பலும் தண்ணீரில் குழைத்து, அதோடு கலந்து தரையில் பூசிவிடுவது. சின்ன இடத்துக்கு அருமையாக வரும். இரண்டு ஏக்கருக்கு அத்தனை சாணிக்கு எங்கே போவது?

நாட்டு அருகின் பெரிய குறை அதனுடையதே இல்லை, கூட வருகிறவனுடையது. கோரை. வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் பெயர்த்த கொடியோடு நான்கு கோரைக்கிழங்கு வந்துவிட்டால் போதும். அடுத்த ஐப்பசியில் மைதானத்தில் பாதி கோரை. பிடுங்கினால் மேலே உள்ள தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழே சிரிக்கும். அருகுக்குச் சேதமில்லாமல் கோரையைக் கட்டுப்படுத்தும் மருந்து இப்போது இருக்கிறது. இருந்தாலும் உள்ளே விடாமல் இருப்பதுதான் மலிவு. அதற்கு ஒரே வழி, வரப்பில் பெயர்த்ததை நேராக மைதானத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் நான்கைந்து சென்டில் நாற்றங்கால் போட்டு, ஒரு பருவம் கோரை எட்டிப் பார்க்கப் பார்க்கத் தோண்டி எடுத்துவிட்டு, சுத்தமான கொடியை மட்டும் நடவுக்கு எடுப்பது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். நானும் ஒருமுறை தாண்டினேன். அந்தக் கோரை இன்னும் அங்கே இருக்கிறது.

இரண்டாவது வழி, பெர்முடா விதை. விதையாலேயே வளர்க்கும்படி தேர்ந்தெடுத்த ரகங்கள் இருக்கின்றன. ரிவியரா, பிரின்சஸ் 77 போன்றவை. நாட்டு அருகைவிட இலை மெலிது, நிறம் ஒரே சீர். இரண்டு மூன்று பெர்முடா ரகங்களைக் கலந்து விற்றால் அது ஏற்கத்தக்க கலவை. எல்லாம் ஒரே இனம், ஒரே வேகத்தில் படரும், ஒன்றுக்கு வரும் நோய் மற்றதை அவ்வளவாகத் தாக்காமல் போகலாம். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம். இரண்டு ஏக்கருக்கு 40 முதல் 80 கிலோ.

இங்கேதான் பொட்டலத்தின் பொடி எழுத்தைப் படிக்கக் கற்க வேண்டும். பல விதைகள் மேலே வண்ணப் பூச்சோடு வருகின்றன. பூச்சு ஈரத்தைப் பிடிக்கும், எறும்பிடமிருந்தும் ஓரளவு காப்பாற்றும், நல்லதுதான். ஆனால் எடையில் பாதி அந்தப் பூச்சாகவே இருக்கலாம். தூய விதை 49 சதவீதம், முளைப்புத்திறன் 85 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: சுமார் 42. அதாவது பத்துக் கிலோ வாங்கினால் உயிருள்ள விதை நான்கு கிலோ சொச்சம். பூச்சில்லாத விதையின் விலையோடு ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போடாமல் 'இது கிலோ மலிவா இருக்கே' என்று சொல்லக் கூடாது. அப்புறம் உமி நீக்கியதா, நீக்காததா என்றும் கேட்க வேண்டும். நீக்கியது ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். நீக்காதது நின்று நிதானமாக வரும்.

விதை ராகியைவிடச் சின்னது. அதன் மேலே மண் கால் அங்குலம் மூடினாலே அதிகம். முளைத்து வேர் பிடிக்கிறவரை நாளுக்கு மூன்று தடவை, பூத்தூவல் மாதிரி, மேல் மண் காயாமல் நனைக்க ஆள் வேண்டும். ஒரு நாள் மோட்டார் கெட்டால் அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் சிக்கினால் அத்தனை விதையும் பள்ளத்து மூலையில் போய்க் கூடும். அங்கே மட்டும் மெத்தை மாதிரி முளைக்கும், மற்ற இடமெல்லாம் மொட்டை.

மூன்றாவது, ஹைப்ரிட் பெர்முடா. டிஃப்வே 419 என்பது இதில் நெடுநாள் பேர் போனது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960-ல் வெளிவந்தது. நம் அருகையும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல் ஒன்றையும் ஒட்டிப் பிறந்த கலப்பு. அடர்த்தி, மெலிந்த இலை, அடிபட்டால் எழும் வேகம் என எல்லாவற்றிலும் மற்ற இரண்டையும் முந்தும். ஆனால் இது மலடு. விதை பிடிக்காது. கொடித்துண்டாகவோ, பாய் போல் சுருட்டிய புல்தரையாகவோதான் வாங்க முடியும். '419 விதை' என்று யாராவது பொட்டலம் நீட்டினால் அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.

ஹைப்ரிட் வாங்குவது குதிரை வாங்குவது மாதிரி. வாங்கும் விலையைவிடத் தீனி விலை பெரிது. வாரம் இரண்டு மூன்று தடவை வெட்ட வேண்டும், அதுவும் உருளைக் கத்தி இயந்திரத்தால். தோளில் மாட்டிக்கொண்டு போகிற புல்வெட்டியால் வெட்டினால் மேல் இலையெல்லாம் போய் அடித்தண்டு பழுப்பாகத் தெரியும். உரமும் கூடக் கேட்கும். ஆள் வைத்துப் பார்க்க முடிந்த கிரிக்கெட் மைதானத்துக்கு இது பொருத்தம். ஆடு மேய்ந்து போகிற ஊர் மைதானத்துக்கு வேண்டாம்.

நான்காவதாக அருகுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். பஸ்பாலம் என்பது கடலோரப் புல், உப்பில் வாழப் பிறந்தது. 2022 உலகக் கோப்பைக்காக கத்தார் மைதானங்களில் இந்த இனம்தான் வளர்ந்தது. இதைப் பற்றி நம் பக்கம் ஒரு தவறான பேச்சு உலவுகிறது, தண்ணீரே வேண்டாம் என்று. உப்புத் தண்ணீரைப் பொறுக்கும் என்பதற்கும் தண்ணீரே வேண்டாம் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வறட்சியில் அருகுதான் ஜெயிக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரித்தால் மட்டும் பஸ்பாலத்தை யோசியுங்கள். அருகுமே கெட்டிக்காரன்: மண்ணின் உப்பு அளவு, பரிசோதனைச் சீட்டில் இ.சி. என்று போட்டிருப்பது, மீட்டருக்கு 6.9 டெசிசீமன்ஸ் வரை அது வளர்ச்சி குறையாமல் தாங்கும் என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் அட்டவணைக் கணக்கு. மதுரையைச் சுற்றி 'உப்புத் தண்ணி' என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல கிணறுகள் அருகுக்குப் பிரச்சினையே இல்லை.

ஜாய்சியா இன்னொன்று. நிழல் கொஞ்சம் தாங்கும், மிதியும் தாங்கும், ஆனால் பெயர்ந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். கேலரி நிழல், மர நிழல் விழுகிற ஓரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நர்சரியில் கொரியன், மெக்சிகன், பஃபலோ என்று அடுக்கிக் காட்டுவதெல்லாம் வீட்டு வாசல் அழகுக்கு. கொரியன் புல்லில் காலை வைத்தால் இட்லி மாதிரி அமுங்கும். அதன் மேல் ஓடுகிற பிள்ளையின் கணுக்காலை நினைத்துப் பாருங்கள்.

செயற்கைப் புல்லை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மதுரையில் 'டர்ஃப்' என்றாலே இப்போது இரவு விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற அதுதான் என்றாகிவிட்டது. இரவுக்கு அது சரி. சித்திரை மத்தியானம் அதன் மேல் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். வெறுங்கால் பிள்ளைகளுக்கு ஆகாது. ஹாக்கி தனிக் கதை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து அது செயற்கைத் தரைக்குப் போய்விட்டது; 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நம் ரேஸ்கோர்ஸ் பக்கம் வந்தபோதும் நீலத் தரைதான்.

மண்ணும் தண்ணீரும்

புல்லைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தோல்வியடைந்த மைதானங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் புல் ரகத்தால் தோற்றது எனக்குத் தெரிந்து அந்தச் சோழவந்தான் மைதானம் ஒன்றுதான். மற்றவை மண்ணாலும் தண்ணீராலும் தோற்றவை.

திருமங்கலம் பக்கம் கரிசல். வைகாசியில் போய்ப் பாருங்கள், வெடிப்பில் கை மணிக்கட்டு வரை உள்ளே போகும். அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு பையன் ரப்பர் பந்தை வெடிப்புக்குள் விட்டுவிட்டு, ஐப்பசி மழையில் மண் உப்பி மூடிக்கொள்ள, அடுத்த கோடையில் வெடிப்பு திறந்தபோது எடுத்தான் என்று மாஸ்டர் சொன்னார். கதையோ நிஜமோ, கரிசலின் குணத்துக்கு அது பொருத்தம். மழைக்காலத்தில் நேர் எதிர். செருப்போடு ஒரு கிலோ மண் கூட வரும்.

இதற்குச் சிலர் சொல்லும் வைத்தியம், 'பத்து லோடு மணல் அடிச்சு உழுதுருங்க.' செய்யாதீர்கள். களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலந்தால் செங்கல் சூளைக்கு மண் குழைத்த மாதிரிதான் இறுகும். மணல் முக்கால் பங்குக்கு வந்தால்தான் தண்ணீர் இறங்கும் குணமே மாறும். அத்தனை மணலுக்கு விலை சொல்ல ஆள் கிடையாது. நடக்கிற காரியம், கரிசலை மட்டம் செய்து மேலே ஒரு அடுக்குச் செவல் மண் போர்த்துவது. அதற்கும் கணக்கைப் பாருங்கள்: 8,000 சதுர மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் போர்த்த 800 கன மீட்டர், நூறு கன அடி ஒரு யூனிட் என்கிற நம் வழக்கில் 280 யூனிட் சொச்சம். மூன்று யூனிட் டிப்பர் என்றால் 94 நடை. இந்த எண்ணைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு அமைதி நிலவியது. அப்புறம் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிப் பகுதி இரண்டும் நடுப்பகுதியும் மட்டும் போர்த்துவது என்று இறங்கி வந்தோம்.

மறக்காமல் செய்ய வேண்டியது சரிவு. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்று. 68 மீட்டர் அகலத்தில் பாதி 34. அதாவது நடுக்கோடு ஓரக்கோட்டைவிட 34 சென்டிமீட்டர் உயரம். கண்ணுக்கே தெரியாது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் பந்து உருளுமா, மூன்று நாள் தவளை கத்துமா என்பதை இதுதான் முடிவு செய்யும். மதுரைக்கு வருடத்தில் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ப்பது என்பதை மனதில் வையுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். உச்சக் கோடையில் அருகைப் பச்சையாக வைத்திருக்க நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவு வேண்டும். 8,000 சதுர மீட்டருக்கு 40,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று நடை அடித்தும் மிச்சம் இருக்கும். தினமும். குடத்தோடு தெருவில் வரிசை நிற்கிற ஊரில் மைதானத்துக்கு மூன்று லாரி ஊற்றுகிற மனசு எனக்கு வராது, ஊரும் விடாது. ஆனால் பச்சையாக வைப்பது வேறு, உயிரோடு வைப்பது வேறு. பச்சையை விட்டுக்கொடுத்துவிட்டால் வாரம் ஒருமுறை 20 மில்லிமீட்டர் ஆழமாக நனைத்தாலே அருகு பாதி பழுத்த நிலையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிடக் குறைத்தாலும் வேர்த்தண்டு காத்திருக்கும், முதல் கோடை மழைக்கு ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். குளிர்நாட்டுப் புல்லோடு ஒப்பிட்டால் அருகு ஜெயிக்கிற இடம் இதுதான்; அது வாடினால் செத்தது, இது வாடினால் உறங்குகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மட்டும் கூடாது. வேர் மேலாகவே நின்றுவிடும், மோட்டார் ஒரு வாரம் கெட்டால் கதை முடிந்தது.

உரம் பற்றி ஒரு வரி. பள்ளி மைதானத்துக்கு வருடம் முழுக்கச் சதுர மீட்டருக்கு 15 கிராம் தழைச்சத்து போதும். இரண்டு ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஆறு, அதையும் நான்கைந்து தவணையாக, மழைக்கு முன்னால். ஒரே நாளில் கொட்டினால் புல் வளரும் வேகத்துக்கு வெட்ட ஆள் கிடைக்காது.

எந்த மைதானத்துக்கு எது

சோழவந்தான் மைதானத்தில் இரண்டாம் தடவை பெர்முடா விதை போட்டோம், மூன்று ரகம் கலந்தது. வைகைக் கரை வண்டல் மண், பக்கத்திலேயே கிணறு, நல்ல தண்ணீர். கொடிக்கால் ஊர், வெற்றிலைக் கொடிக்கு நாள் தவறாமல் தண்ணீர் காட்டிப் பழகிய கைகள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று பையன்கள் முறை வைத்து நனைத்தார்கள். இருபத்தோராம் நாள் தரை மூடத் தொடங்கியது, மூன்றாம் மாதம் ஆடினார்கள். விதை அங்கே ஜெயித்ததற்குக் காரணம் ரகத்தைவிட அந்த முறைக்காரப் பையன்கள்தான் என்று நினைக்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு கல்லூரி கிரிக்கெட் மைதானம், செம்மண், பராமரிக்க இரண்டு ஆள், உருளைக் கத்தி இயந்திரம் ஒன்று. அவர்களுக்கு ஹைப்ரிட் கொடித்துண்டு என்று யோசிக்காமல் சொன்னேன். பந்து எல்லைக் கோடு வரை ஓட வேண்டும், அதற்கு நாட்டு அருகின் முரட்டுத் தண்டு இடைஞ்சல். நடுப் பிட்ச் வேறு களிமண், வேறு கலை; அதில் நான் வாய் திறப்பதில்லை.

திருமங்கலம் பள்ளிக்குத்தான் முடிவெடுக்க நேரமானது. கரிசல். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், அருகு தாங்குகிற அளவுதான். அறுநூறு பிள்ளைகள். இருப்பது ஒரு தோள் புல்வெட்டி. விதை வேண்டாம் என்று முதலிலேயே தள்ளினேன்; காய்ந்தால் ஏடு கட்டுகிற மேல் மண்ணில் ராகியைவிடச் சின்ன விதை மேலே வர மூச்சு முட்டும், மூன்று வேளை நனைக்கவும் ஆள் இல்லை. ஹைப்ரிட் அந்தப் புல்வெட்டியிடம் பிழைக்காது. மிஞ்சியது நாட்டு அருகு, கோரை களைந்த கொடித்துண்டு.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "இம்புட்டு வசூல் பண்ணிட்டு வரப்புல கெடக்குறதையா நடப் போறோம்?" பணத்தில் பெரும்பங்கு சரிவுக்கும் செவல் மண்ணுக்கும் குழாய்க்கும் போகும் என்றதும் கொஞ்சம் சமாதானமானான்.

மாதத்தைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். பயிருக்கு நல்ல காலம் ஆடி: 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது புல்லுக்கும் பொருந்தும். ஆடி, ஆவணி இடிமழையில் வேர் பிடித்து, ஐப்பசி அடைமழைக்குள் மண்ணைக் கவ்விக்கொள்ளும். ஆனால் ஆடியில் பள்ளிக்கூடம் நடக்கிறது. நட்டு பத்துப் பன்னிரண்டு வாரம் யாரும் மிதிக்கக் கூடாது. விடுமுறையோ மே மாதம், தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். மாஸ்டர்தான் வழி சொன்னார்: "பாதி மைதானத்த இந்த ஆடியில மூடுவோம் சார். பசங்க மீதிப் பாதியில வெளையாடட்டும். அடுத்த ஆடிக்கு அந்தப் பக்கம்." இரண்டு வருடம் ஆகும். ஆனால் நடக்கும். அதற்குள் நெருஞ்சி முள்ளைப் பிள்ளைகளை விட்டே பொறுக்க வைத்துவிடலாம் என்றும் சொன்னார். வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்கு அந்தப் பகை போதும்.

கோல் வாசல் இரண்டையும் கபடித் தரையையும் மண்ணாகவே விட்டுவிடுவது என்று முடிவானது. அறுநூறு பிள்ளைகள் மிதிக்கிற அந்தப் பத்தடியில் எந்த ஊர்ப் புல்லும் நிற்காது. போட்டிக்கு முன்னால் மட்டும் ஒட்டுப்போட, தண்ணீர்த் தொட்டி வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கிற மூலையில் மூன்று சென்ட் நாற்றங்கால். சித்திரையிலேயே காவலாளி ஐயா தன் வயல் வரப்பிலிருந்து ஒரு சாக்கு அருகைக் கொண்டுவந்து அங்கே ஊன்றிவிட்டார். கூலி வேண்டாம் என்றவர், இடுப்பில் ஒரு சின்ன களைக்கொட்டைச் செருகிக்கொண்டு, மணி அடித்துவிட்டு வரும்போதெல்லாம் அங்கே குனிந்து ஒரு கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துப் போடுகிறார். நான் போன வாரம் எண்ணியபோது மதிலோரம் ஒரு கூடை சேர்ந்திருந்தது.